பலூனிலிருந்து விண்கலம் வரை: மனிதன் பறந்த வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறப்பதைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ‘எப்படி மேலே போனார்கள்?’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். மேலே போகும் வேலை 1783-லேயே முடிந்துவிட்டது. நினைத்த திசையில் ஓட்டவும், உயிரோடு கீழே இறங்கவும் கற்றுக்கொள்ளத்தான் அதன் பிறகு இத்தனை காலம் பிடித்தது. அதனால் இந்தப் பதில்களில் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கையில் இறக்கை கட்டிக்கொண்டு பறவையைப் போலப் பறக்க முடியாதா?

கையால் அடித்துப் பறக்க வாய்ப்பில்லை. நன்றாகப் பறக்கும் பறவைக்கு உடல் எடையில் ஆறில் ஒரு பங்காவது மார்புத் தசையாக இருக்கும். நமக்கு வலுவெல்லாம் தொடையில். எனவே காலால் மிதித்துப் பறக்கலாம், அதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் ‘காஸமர் அல்பட்ராஸ்’ என்ற மிதி விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். விமானத்தின் எடை 32 கிலோ. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய 30 மீட்டர். கார்பன் இழைக் குழாய்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் செய்த பொருள் அது. எதிர்காற்று கொஞ்சம் வலுத்ததற்கே 2 மணி 49 நிமிடம் ஆகிவிட்டது. கொண்டுபோன தண்ணீரும் பாதியிலேயே தீர்ந்தது. மனித உடலால் முடிந்தது அவ்வளவுதான்.

முதன்முதலில் வானில் ஏறியவர்கள் யார்?

பிரான்ஸில் காகிதம் தயாரித்துவந்த மான்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்றுப் பலூனில் 1783 செப்டம்பர் 19 அன்று ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஏறின. நவம்பர் 21 அன்று பிலாத்ர் த ரோஸியே, மார்க்கி தார்லாந்த் என்ற இருவர் பாரிஸின் மேல் 25 நிமிடம் பறந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பலூனைத் தூக்குவது புகைதான் என்று அந்தச் சகோதரர்கள் நம்பினார்கள். அதனால் ஈர வைக்கோலையும் கம்பளியையும் போட்டு நன்றாகப் புகைய விட்டார்கள். உண்மையில் வேலை செய்தது வெப்பம். 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ, 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 0.95 கிலோ. ஆக ஒரு கன மீட்டருக்குத் தூக்கும் எடை கால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். துணி, கூடை, அடுப்பு, ஆள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். சூடான காற்றுப் பலூன் இன்றும் அவ்வளவு பெரிதாக இருப்பது இதனால்தான்.

ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 1.1 கிலோ தூக்கும். பத்தே நாளில், டிசம்பர் 1 அன்று, ஜாக் சார்ல் அதில் ஏறினார். இரும்புத் தூளின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி அந்த வாயுவைத் தயாரித்தார்கள். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யோசித்தவர் ரோஸியே. மேலே ஹைட்ரஜன், கீழே நெருப்பு என்று ஒரு பலூன் கட்டி, 1785 ஜூன் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கக் கிளம்பி இறந்தார்.

பலூனுக்கு ஒரு சுக்கான் வைத்துத் திருப்பியிருக்கலாமே?

வைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் அதில் இருப்பவர்மேல் காற்று வீசுவதே இல்லை. சுக்கானில் மோதக் காற்று வேண்டும். அதற்குச் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகப் போக வேண்டும். அதற்கு எஞ்சின் வேண்டும். 1852 செப்டம்பர் 24 அன்று ஆன்ரி ஜிஃபார் 3 குதிரைத்திறன் நீராவி எஞ்சினோடு பாரிஸிலிருந்து 27 கிலோமீட்டர் போனார். எதிர்காற்றில் திரும்பிவர அந்த எஞ்சினுக்குத் தெம்பு இல்லை.

பின்னாளில் வந்த ஆகாயக் கப்பல்கள் அட்லாண்டிக்கையே தாண்டின. 245 மீட்டர் நீள ஹிண்டன்பர்க் 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் தீப்பிடித்து, தரையில் நின்ற ஒருவரையும் சேர்த்து 36 பேர் இறந்ததோடு அந்தக் காலம் முடிந்தது.

ரைட் சகோதரர்களுக்கு முன் பறந்தவர்கள் ஏன் தோற்றார்கள்?

தோற்றார்கள் என்று சொல்வது அநியாயம். இறக்கையின் மேல் செயல்படும் விசையைத் தூக்குவிசை, இழுவை (பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடை) என்று பிரித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி. 1799-லேயே அதை ஒரு வெள்ளித் தகட்டில் செதுக்கி வைத்தார். ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 2,000 முறை குன்றிலிருந்து எஞ்சின் இல்லாத கிளைடரில் சறுக்கிப் பறந்தார்.

அவருடைய சிக்கல் ஓட்டும் முறையில் இருந்தது. இரு கைகளையும் கிளைடரில் ஊன்றி, இடுப்புக்குக் கீழே தொங்கும் உடலை முன்னும் பின்னும் ஆட்டித்தான் அவர் அதை நேராக்க வேண்டும். 1896 ஆகஸ்ட் 9 அன்று மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. உடலை எவ்வளவு முன்னால் வீசியும் அதைத் தாழ்த்த முடியவில்லை. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர் மறுநாள் இறந்தார்.

இதற்குப் பெயர் ‘ஸ்டால்’. காற்றுக்கு எதிராக இறக்கை ஏறக்குறைய 15 டிகிரிக்கு மேல் சாய்ந்தால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். தூக்குவிசை சட்டென்று சரியும். எஞ்சின் நின்றுபோவது என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் ஸ்டால் ஆகலாம். அதிலிருந்து மீள ஒரே வழி மூக்கைத் தாழ்த்துவது. தரைக்கு அருகில் மூக்கைத் தாழ்த்த யாருக்கும் மனம் வராது, இன்றைய விபத்துகளிலும் அதைப் பார்க்கலாம்.

ரைட் சகோதரர்கள் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்கள்?

எஞ்சினோ இறக்கையோ அவர்கள் கண்டுபிடித்ததல்ல. மூன்று அச்சிலும், அதாவது மூக்கை ஏற்றி இறக்குவது, இடவலம் திருப்புவது, பக்கவாட்டில் சாய்ப்பது என்ற மூன்று வகையிலும், விமானத்தை அடக்கி ஓட்டும் முறைதான் அவர்களுடையது.

1899-இல் சைக்கிள் டியூப் வந்த நீள அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்த வில்பர், இரட்டை இறக்கையையும் அப்படியே முறுக்கலாம் என்று கண்டார். ஒரு பக்கத் தூக்குவிசை கூடும், மறுபக்கம் குறையும், விமானம் சாயும். 1902 கிளைடரில் இதைச் செய்தபோது புதிய தொல்லை வந்தது. தூக்குவிசை கூடிய பக்கத்தில் இழுவையும் கூடி, மூக்கைத் தவறான பக்கம் இழுத்தது. பின்னால் அசையாமல் நின்ற செங்குத்து வால் அதை இன்னும் மோசமாக்க, கிளைடர் சுழன்றுகொண்டே மணலில் குத்தியது. வாலை அசையும்படி மாற்றலாம் என்றார் ஆர்வில். அதை இறக்கை முறுக்கும் கம்பியோடேயே இணைத்துவிடலாம் என்றார் வில்பர். இன்றைய விமானங்களில் இறக்கையை முறுக்குவதில்லை, ஓரத்தில் கீல் வைத்த பலகை அசைகிறது. கணக்கு மட்டும் அதேதான்.

1900, 1901 கிளைடர்கள் கணக்குப்படி தூக்க வேண்டியதில் பெரும்பகுதியைத் தூக்கவில்லை. அதனால், தூக்குவிசையைக் கணக்கிட நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் பயன்படுத்திவந்த காற்றழுத்த எண் 0.005 என்பதையே அவர்கள் சந்தேகித்தார்கள். சரியான மதிப்பு 0.0033 அளவில் இருந்தது. பிறகு ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்து, ரம்பத் தகடுகளையும் சைக்கிள் ஆரக்கம்பிகளையும் வளைத்துத் தராசு கட்டி, ஏறக்குறைய 200 சிறிய இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். புரொப்பெல்லரையும் சுழலும் இறக்கையாகப் பார்த்துச் செதுக்கினார்கள். எஞ்சினின் திறனில் முக்கால் பங்கை அது உந்துவிசையாக மாற்றியது.

எஞ்சினைச் செய்தவர் அவர்கள் பட்டறையின் சார்லி டெய்லர். நான்கு சிலிண்டர், அலுமினிய உடல், 12 குதிரைத்திறன். எரிபொருள் பம்பு கிடையாது. மேலே இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே வழிந்து வந்தது.

பெரிய கண்டுபிடிப்பு சரி, சின்னச் சின்ன இடைஞ்சல்கள் வரவில்லையா?

அதிலேயே ஒரு மாதம் போனது. 1903 நவம்பரில் புரொப்பெல்லரின் குழாய்த் தண்டு எஞ்சினின் அதிர்ச்சியில் முறுக்கிக்கொண்டது. புதிதாக வந்த கனமான குழாயும் விரிசல் விட்டது. கடைசியில் ஆர்வில் ஊருக்கே திரும்பிப் போய், குழாய்க்குப் பதில் கெட்டியான எஃகுத் தண்டு செய்து கொண்டுவந்தார். இடையில் சங்கிலிப் பல்சக்கரங்களும் எத்தனை இறுக்கினாலும் கழன்றன. சைக்கிள் டயரை விளிம்பில் ஒட்டும் பசையை உருக்கி அந்தத் திருகுகளில் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு கழலவில்லை.

வெறும் 12 விநாடியைப் பறத்தல் என்று சொல்லலாமா?

1903 டிசம்பர் 17 அன்று காலை 10:35-க்கு ஆர்வில் பறந்தது 12 விநாடி, 36.5 மீட்டர். எதிரே காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வீசியதால் தரையில் அது ஓட்டப் பந்தய வேகம்கூட இல்லை. காற்றைப் பொறுத்த வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டியது. அதே நாளில் நான்காவது முறை வில்பர் 59 விநாடி, 260 மீட்டர் பறந்தார். சந்தேகம் இருந்தால் அந்த நான்காவதைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அந்த விமானத்தைப் புரட்டிப் போட்டது. அது மறுபடி பறக்கவே இல்லை.

பிரேசிலில் முதல் பறத்தலுக்கான பெருமை சாண்டோஸ் டுமான்ட்டுக்கே. 1906 நவம்பர் 12 அன்று பாரிஸில் மக்கள் முன்னிலையில் அவர் 220 மீட்டர் பறந்தார், சக்கரத்தில் உருண்டே எழும்பினார். ரைட் விமானம் கவண் போன்ற எறிபொறியால் வீசப்பட்டது என்ற குற்றச்சாட்டு 1904 முதல்தான் பொருந்தும். 1903-இல் வெறும் தண்டவாளம் மட்டுமே.

இறக்கையின் மேல்பக்கக் காற்று நீண்ட தூரம் போய்க் கீழ்ப்பக்கக் காற்றோடு சேர வேண்டும், அதனால் வேகமாக ஓடுகிறது என்று படித்தோமே?

தவறு. பிரிந்த காற்று மறுபடி ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேலே ஓடுவது உண்மையில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. வளைந்த, சற்றுச் சாய்ந்த இறக்கை காற்றைக் கீழே திருப்பிவிடுகிறது. அதன் எதிர்வினையே தூக்குவிசை. அந்தப் பழைய விளக்கம் சரியாக இருந்தால் விமானம் தலைகீழாகப் பறக்கவே முடியாது.

ஜெட் எஞ்சின் வர ஏன் அவ்வளவு தாமதம்?

யோசனைக்குப் பஞ்சமில்லை, தாங்கும் உலோகத்துக்குத்தான் பஞ்சம். பிரிட்டனின் பிராங்க் விட்டில் 1930-இலேயே காப்புரிமை கேட்டார். முதலில் பறந்தது ஜெர்மனியின் ஹைன்கெல் 178, ஹான்ஸ் வான் ஓஹைன் எஞ்சினோடு, 1939 ஆகஸ்ட் 27 அன்று. எரிந்த வாயு நேராக டர்பைன் அலகுகளில், அதாவது அதன் சுழலும் தகடுகளில், மோதுகிறது. செக்கச்சிவந்த நிலையிலும் அவை நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். போர்க்கால ஜெர்மனியில் நிக்கல், குரோமியம் தட்டுப்பாட்டால் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் போர் விமானத்தின் எஞ்சினுக்கு ஆயுள் 25 மணி நேர அளவில்தான். இன்றைய எஞ்சினில் வாயுவின் வெப்பம் அலகின் உருகுநிலையைவிட அதிகம். அலகில் இருக்கும் நுண்துளைகளிலிருந்து காற்று வழிந்து ஒரு போர்வைபோல மூடுவதால்தான் அது பிழைக்கிறது.

ஒலித்தடை என்று உண்மையில் ஏதாவது இருந்ததா?

சுவர் எதுவும் இல்லை. ஆனால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வாலில் அதிர்வலை (காற்று சட்டென்று அழுந்திக் குவியும் அலை) உருவாகி, ஏற்ற இறக்கத்தைத் தரும் அசையும் பலகை செயலிழந்துவிடும். விமானி கட்டுப்பாட்டுக் கோலை இழுப்பார், எதுவும் நடக்காது. பெல் எக்ஸ்-1 விமானத்தில் பலகையை விட்டுவிட்டு வாலின் கிடை இறக்கை முழுவதையும் சாய்த்தார்கள். 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் அதில் மாக் 1.06, அதாவது ஒலியைப்போல 1.06 மடங்கு வேகம் தொட்டார். இதுவும் பழைய கதைதான்: உந்துவிசை கையில் இருந்தது, ஓட்டும் பிடிதான் வழுக்கியது.

காமெட் விமானங்கள் சதுர ஜன்னலால்தான் உடைந்தனவா?

பாதி உண்மை. 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்கு. முகமூடி இல்லாமல் அங்கே ஒருவர் தெளிவாகச் செயல்படக்கூடியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதனால் அறைக்குள் காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் உடல் ஒருமுறை உப்பி ஒருமுறை சுருங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதுபோல உலோகமும் களைத்துப்போகும்.

1952-இல் சேவைக்கு வந்த முதல் ஜெட் பயணி விமானம் காமெட். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்கள் நடுவானில் உடைந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் நீரை நிரப்பி, மறுபடி மறுபடி அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். காற்றை அடைத்தால் உடையும்போது குண்டுபோல வெடிக்கும்; நீர் வெடிக்காது, எங்கே கிழிந்தது என்று அப்படியே காட்டும். 3,057 சுற்றில் கிழிந்தது. கடலிலிருந்து மீட்ட ஜனவரி விமானத்தில் முதல் விரிசல் பயணி ஜன்னலில் இல்லை. கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில், ரிவெட் துளைக்கு அருகில் இருந்தது. திறப்பின் மூலையில் தகைவு (உலோகத்தை இழுக்கும் விசை) குவியும் என்பது உண்மை. இன்றைய ஜன்னல்கள் மூலை உருண்டு இருப்பதற்கு அது ஒரு காரணம்.

விண்வெளி எங்கே தொடங்குகிறது? அங்கே ஈர்ப்பு இல்லையா?

கோடு எதுவும் இல்லை. வழக்கில் 100 கிலோமீட்டர், அமெரிக்காவில் 80 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டரில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 90 சதவீத அளவுக்கு உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால், விழும் அளவுக்குப் பூமியும் கீழே வளைந்துவிடுகிறது.

ராக்கெட் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடுதான் காரணம். சுற்றுப்பாதைக்குப் போக, காற்றின் தடையையும் ஈர்ப்பையும் சேர்த்து விநாடிக்கு ஏறக்குறைய 9.3 கிலோமீட்டர் வேகம் சேர்க்க வேண்டும். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிந்து வெளியேறும் வேகம் சுமார் 3 கிலோமீட்டர். இந்த இரண்டையும் சமன்பாட்டில் போட்டால், கிளம்பும்போதைய எடை எரிபொருள் தீர்ந்த பிறகான எடையைப்போல 22 மடங்கு இருக்க வேண்டும். அதாவது 95 சதவீதம் எரிபொருள். காலியான தொட்டியை வழியிலேயே கழற்றிப் போடாமல் இது சாத்தியமில்லை. அடுக்கு ராக்கெட் அதனால்தான்.

சந்திரனுக்குப் போன சாட்டர்ன்-5 110.6 மீட்டர் உயரம், 2,900 டன். கடலில் வந்து இறங்கிய கலம் 5 டன்னுக்கும் கீழே. அந்த ராக்கெட்டின் கீழடுக்கில் இருந்த எஃப்-1 எஞ்சின்கள் ஐந்தும் விநாடிக்கு 13 டன் எரித்தன. அந்த எஞ்சின் சோதனையில் எரிதல் திடீரென்று உள்ளேயே அலைபாய்ந்து எஞ்சினை நொறுக்கிக்கொண்டிருந்தது. காத்திருந்தால் எப்போது வருமென்று தெரியாது. அதனால் ஓடும் எஞ்சினுக்குள் சிறிய குண்டை வெடித்து, அலையை வேண்டுமென்றே கிளப்பினார்கள். எரிபொருள் தெளிக்கும் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றி அமைத்து, கிளம்பிய அலை விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தானே அடங்கும்வரை விடவில்லை.

ககாரின் கலத்தோடுதான் தரையிறங்கினாரா?

இல்லை. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான அவர், 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடப் பயணத்தின் முடிவில், 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்கினார். கலத்தின் பாராசூட் அவ்வளவு மெதுவாக இறக்காது. கலத்தோடு இறங்கினால்தான் சாதனை என்ற விதி இருந்ததால் சோவியத் ஒன்றியம் இதைப் பல ஆண்டுகள் மறைத்தது. அதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. பிரிய வேண்டிய எஞ்சின் பகுதி ஒரு கம்பிக் கற்றையில் தொங்கிக்கொண்டே வந்தது. வளிமண்டல வெப்பத்தில் அந்தக் கம்பிகள் எரிந்து அறும்வரை கலம் உருண்டுகொண்டிருந்தது.

திரும்பிவரும் கலம் கூர்மையாக இல்லாமல் மொட்டையாக இருப்பது ஏன்?

கூர்மையான மூக்கில் அதிர்வலை ஒட்டிக்கொண்டு, வெப்பம் நேராக உலோகத்தில் இறங்கும். மொட்டையான அடிப்பாகம் அதிர்வலையைத் தள்ளி நிறுத்துகிறது. பெரும்பகுதி வெப்பம் காற்றோடு போய்விடும். மிச்சத்துக்கு, தானே கருகி உதிரும் கவசம். சந்திரனிலிருந்து வந்த அப்போலோ விநாடிக்கு 11 கிலோமீட்டரில் நுழைந்தது. கோணம் 6.5 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்: செங்குத்தாகப் போனால் நசுங்கும், மிகக் கிடையாகப் போனால் வளிமண்டலத்தில் தங்காமல் வெளியே போய்விடும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் விண்வெளி உடை அணிவது எதற்கு?

1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 என்ற சோவியத் கலம் திரும்பும்போது, பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் ஒரு காற்று வால்வு திறந்துகொண்டது. மூவருக்கும் அழுத்த உடை இல்லை. கலம் ஒழுங்காகத் தரையிறங்கியது. உள்ளே மூவரும் இறந்திருந்தார்கள்.

உடையும் தொல்லை தரும். 1965 மார்ச் 18 அன்று முதன்முதலில் வெளியே மிதந்த அலெக்ஸி லியோனவின் உடை வெற்றிடத்தில் உப்பி விறைத்தது. கையுறைக்குள் விரல் எட்டவில்லை, கலத்துக்குள் நுழைய முடியவில்லை. உடையின் காற்றைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, தலையை முன்னால் நீட்டிப் புகுந்தார்.

சேலஞ்சர், கொலம்பியா விபத்துகளுக்கு ஒரே காரணமா?

இரண்டும் அமெரிக்க விண்வெளி ஓடங்கள். பழுதான பாகங்கள் வேறு. 1986 ஜனவரி 28 அன்று உறைபனிக் குளிரில் விறைத்த ரப்பர் வளையம் பூஸ்டரின் (பக்கத் துணை ராக்கெட்டின்) இணைப்பை அடைக்கத் தவறி, சேலஞ்சர் 73 விநாடியில் சிதறியது. கொலம்பியாவில், கிளம்பிய 82-ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்தது. 16 நாள் கழித்து, 2003 பிப்ரவரி 1 அன்று, திரும்பும்போது அந்த ஓட்டை வழியே சூடான வாயு புகுந்தது. இரண்டிலும் பொதுவானது ஒன்று: வளையம் கருகுவதும் நுரை உதிர்வதும் முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தன. முன்பு ஒன்றும் ஆகவில்லை என்பதையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ராக்கெட்டின் கீழடுக்கு இப்போது திரும்பி வந்து நிற்கிறதே, அதில் என்ன கஷ்டம்?

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட் முதன்முதலில் 2015 டிசம்பரில் அப்படி நின்றது. எரிபொருள் தீர்ந்த அடுக்கு மிக லேசானது. ஒன்பது எஞ்சினில் ஒன்றை மட்டும் மிகக் குறைந்த அளவில் எரித்தாலும் அதன் உந்துவிசை அடுக்கின் எடையைவிட அதிகம். அதனால் ஹெலிகாப்டர்போல நின்று நிதானித்து இறங்க முடியாது. வேகம் சுழியமாகும் கணமும் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டி நின்றால் மறுபடி மேலே ஏறத் தொடங்கும், தாமதித்தால் மோதும்.